இடது கை யாருடையது?

தங்கை அரங்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது, மேடைப் பியானோவில் அண்ணன் வாசித்துக்கொண்டிருந்தது அவளுடைய இசை.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. உச்சந்தலை வரை சூடேறியது. போன வருடம் ‘பார்த்துச் சொல்லு’ என்று அவனிடம் கொடுத்த இசைக்குறிப்பு. ஒரே பிரதி. பார்க்கவே நேரமில்லை என்று இழுத்தடித்தவனுக்கு, மனப்பாடம் செய்ய மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது!

முன்வரிசையில் பதிப்பாளர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், அச்சுக்குப் போகவிருந்த புத்தக அட்டை. அதில் அண்ணன் பெயர் மட்டும். நாட்டியப் பள்ளியில் பிள்ளைகள் குதிக்கப் பின்னணி வாசித்தே காலம் தள்ளியவளுக்கு, அச்சேறும் தகுதியுள்ள முதல் படைப்பு அது. இன்று விட்டால் போயே போச்சு.

விறுவிறுவென்று மேடையேறிப் பியானோ மூடியைப் படாரென்று சாத்தினாள். அண்ணன் சரியான சமயத்தில் விரல்களை இழுத்துக்கொண்டான்.

“என்ன பாப்பா இது? பெரிய மனுஷங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். அவங்களுக்கும் தெரியட்டும்.”

அண்ணன் சிரித்துச் சமாளித்தான். பியானோவுக்கு எழுதியவர்களில் முன்னோரிடம் கை நீட்டாதவர் யார் என்று பதிப்பாளரைப் பார்த்துப் பிரசங்கமே தொடங்கினான். ஒருவர் மெட்டை இன்னொருவர் எடுத்து விதவிதமாக மாற்றுவார், அவரிடமிருந்து அடுத்தவர் எடுப்பார், இந்தக் கலையே அப்படித்தான் வளர்ந்தது என்றான்.

“நீ மட்டும் என்ன? இடது கை வாசிக்கிற பகுதி முழுக்க ஒரு பழைய ஆளோடது. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்.”

“ஆமா, எடுத்தேன். எடுத்தேன்னு தலைப்புக்குக் கீழயே அவர் பேரை எழுதினேன். நீ அதையும் அழிச்சுட்டே. செத்தவரையும் விடலை, உசிரோட இருக்கிறவளையும் விடலை.”

பதிப்பாளர் தொண்டையைச் செருமினார். எழுதியது யார் என்று தனக்கு எப்படித் தெரியும், ஆதாரம் வேண்டாமா என்று இழுத்தார்.

தங்கை மூடியைத் திறந்தாள். மூன்றாம் பக்கத்தை வாசிக்கச் சொன்னாள். அண்ணன் அலட்சியமாக வாசித்தான். ஓரிடத்தில் இடது கை அடிச்சுரத்தைத் தட்டிவிட்டு, தாவிப் போய் மேல்சுரத்தைத் தட்டியது.

“அங்க ஏன் உடைச்சு வாசிக்கிறே?”

“அதுலதானே அழகே இருக்கு. விம்முற மாதிரி.”

“விம்மலும் இல்லை, விக்கலும் இல்லை. பழையவர் ரெண்டையும் ஒரே அடியாத்தான் எழுதியிருக்கார். என் கை எட்டலை, உடைச்சு எழுதினேன். உன் கைக்கு என்ன கேடு?”

இடது கையைக் கட்டைகளின் மேல் விரித்தாள். எட்டு வெள்ளைக் கட்டையோடு நின்றுவிட்டது. பதிப்பாளர் மேடையேறி வந்து அதைப் பார்த்தார். பிறகு அண்ணன் கையைப் பார்த்தார். பத்துக் கட்டையை அலுங்காமல் அள்ளும் கை என்று சுவரொட்டியிலேயே பீற்றிக்கொண்ட கை அது.

அவர் பேனாவை எடுத்து அட்டையில் இருந்த பெயரை அடித்தார். என்ன போடட்டும் என்று தங்கையைக் கேட்டார். முதலில் பழையவர் பெயர், அடுத்து என் பெயர், அவ்வளவுதான் என்றாள்.

அண்ணன் குரல் இறங்கியது. இருவர் பெயரையும் போடலாமே, குடும்பத்துக்குள் எதற்கு இந்த அசிங்கம் என்று கெஞ்சினான். மகன் எழுதியது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாளாம். அவளிடம் எந்த முகத்தோடு பேசுவதாம்?

“இதே முகத்தோட பேசு. இப்பவே. நான் இங்கதான் நிக்கிறேன்.”

அண்ணன் போனை எடுத்தான். “அம்மா,” என்றான். அதற்கு மேல் வரவில்லை. மறுமுனையில் அம்மா என்னடா, என்னடா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தங்கை ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொடுக்கவில்லை.