எட்டில் வைத்த லென்ஸ்

கிளாடிஸ் கேட்டது ஒரே ஒரு படம். அதையும் தங்கையின் பழைய ரஷ்ய லென்ஸில்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

"புதுசு வேண்டாம் அருளு. அதுல எடுத்தா ஒவ்வொரு தழும்பும் தெரியுது. அந்தப் பழசுல எடுத்தா நான் சீக்காளி மாதிரி இருக்க மாட்டேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அருள்செல்வி கோவையில் ஒரு சேலைக் கம்பெனியின் ஆன்லைன் விற்பனைக்குப் படம் எடுப்பவள். கடை வேலைக்கு இழை இழையாகக் காட்டும் நவீன லென்ஸ்களை வைத்திருந்தாள். தன் ஆசைக்கென்று பிலிம் காலத்து லென்ஸ் ஒன்றை வாங்கி, அடாப்டர் என்கிற இடைவளையத்தைப் போட்டு இன்றைய கேமராவில் மாட்டிக்கொண்டிருந்தாள். அதில் விழும் முகங்களுக்கு ஒரு இளக்கம் உண்டு. கிளாடிஸுக்கு அப்போது முடியெல்லாம் கொட்டி, கன்னம் உள்ளே போயிருந்தது. இனி ஊசி மருந்து வேண்டாம், வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் கேட்ட படத்தில் அப்பாவும் இருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அப்பா தேவானந்தம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதுக்கரையில் தனியாக இருந்தார். மூத்த மகள் மாதா கோயிலுக்கு வெளியே, தெலுங்கு பேசும் நாயுடு வீட்டுப் பையனான சசிதரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. அவளுக்கு நோய் என்று தெரிந்த பிறகும் தினமும் அருள்செல்விக்குப் போன் போட்டு விசாரிப்பாரே ஒழிய, அவள் இருந்த வடவள்ளிக்கு வர மாட்டார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார், பூசை வைத்தார். மகளைப் போய்ப் பார்ப்பது ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அருள்செல்வி போனிலேயே அழுதுவிட்டாள். அக்கா கேட்கிற கடைசிப் பொருள் இது, அதையும் நீங்கள் கொடுக்க மாட்டீர்களா என்று கேட்டாள். அவர், "சனிக்கெழம வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையிலிருந்து கிளாடிஸ் தயாராக இருந்தாள். தலையில் நீலத் துணி கட்டிக்கொண்டு முன்வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அப்பா வரும்வரை அருள்செல்வி அவளைத் தனியாகச் சில படங்கள் எடுத்தாள். சசிதர் அன்று வேண்டுமென்றே பட்டறைக்குப் போய்விட்டிருந்தான். தான் இருந்தால் மனுஷன் வாசல் கேட்டோடு திரும்பிவிடுவார் என்று அவனுக்குப் பயம்.

அப்பா வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. செருப்பை வெளியே விட்டார். கிளாடிஸ் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் நேராக நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முன்னால் வந்தால் மகள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பது போல இருந்தது அவர் நின்ற விதம்.

லென்ஸுக்குள் மெல்லிய தகடுகள் உண்டு. அவை விரிந்து துவாரம் பெரிதாக இருந்தால், யார் மேல் போகஸ் வைக்கிறோமோ அவர் மட்டும் தெளிவாக விழுவார். முன்னும் பின்னும் கலங்கிவிடும். தகடுகள் சுருங்கித் துவாரம் சிறுத்தால் எல்லாரும் தெளிவாக வருவார்கள். உட்கார்ந்திருப்பவர் ஒருவர், பின்னால் நிற்பவர் ஒருவர். அருள்செல்வி வளையத்தைத் திருப்பி எட்டு என்ற எண்ணில் வைத்தாள். எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்; எட்டில் வைத்துவிட்டால் இரண்டு பேரும் தெளிவாக வந்துவிடுவார்கள்.

அதை நம்பித்தான் அவள் அப்பாவின் முகத்தில் போகஸ் வைத்தாள். அவர் கண்ணில் ஏதோ மின்னியது. அழுகிறாரா என்று பார்க்கும் ஆசையில் அங்கேயே நிறுத்திவிட்டாள். அடுத்தடுத்து ஐந்தாறு முறை அழுத்தினாள். திரையில் வெயில் அடித்து எதுவும் சரியாகத் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் சரியாக இருந்தது. பேட்டரியை மாற்ற உள்ளே போய்விட்டு வந்தபோது அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். அப்பாவின் மீசை நரையும், இமையோரத்து ஈரமும்கூட எண்ணிவிடலாம் போல் தெளிவாக இருந்தன. அவருக்கு முன்னால் நீலத் துணி கட்டிய யாரோ ஒரு பெண். சிரிக்கிறாளா, வலியில் உதட்டைக் கடிக்கிறாளா என்று சொல்ல முடியாது. எல்லாப் படத்திலும் அப்படியே.

கைதவறிக் குலுங்கியிருந்தால் அப்பாவும் கலங்கியிருப்பார். அது இல்லை. எண்ணெய் கசிந்து தகடுகள் ஒட்டிக்கொண்டனவோ என்று நினைத்தாள். பழைய லென்ஸ்களுக்கு வரும் வியாதி அது. லென்ஸைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்து வளையத்தைத் திருப்பினாள். இரண்டிலிருந்து பதினாறு வரை திருப்பியும் தகடுகள் அசையவே இல்லை. உக்கடத்தில் கேமரா ரிப்பேர் பார்க்கும் அப்துல் குத்தூஸுக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடாப்டரை மாற்றினீர்களா என்றார்.

மாற்றியிருந்தாள். பழையது லொடலொடவென்று ஆடுகிறதே என்று அந்த மாதம்தான் வேறு வாங்கியிருந்தாள்.

"லென்ஸோட பொறத்தால ஒரு சின்ன பின் இருக்கும் பாருங்கம்மா. வெரலால அமுக்குங்க."

அமுக்கினாள். தகடுகள் சட்டென்று குவிந்தன. ஒட்டலும் இல்லை, எண்ணெயும் இல்லை. அந்தப் பின்னை அமுக்கிப் பிடிக்க அடாப்டருக்குள் ஒரு விளிம்பு வேண்டும். பழையதில் இருந்தது, புதியதில் இல்லை. பின் அமுங்காததால், எண் எதைக் காட்டினாலும் துவாரம் முழுசாகத் திறந்தே கிடந்திருக்கிறது. கேமராவுக்கு லென்ஸின் எண் தெரியாது. வரும் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஷட்டர் வேகத்தைத் தானே கூட்டிக்கொண்டுவிட்டது, அதனால் வெளிச்சத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி சுவிட்சை மறுபக்கம் தள்ளியிருந்தால் அந்தப் பின் அமுங்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. அதையும் குத்தூஸ்தான் சொன்னார். தள்ளினாள். டிக் என்றது. அவ்வளவுதான், லென்ஸ் சரியாகிவிட்டது.

மறுநாளே அப்பாவைக் கூப்பிட்டாள். படம் சரியாக விழவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா மறுபடியும் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று மட்டும் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகச் சொன்னார். இந்த முறை யோசிக்கக்கூட இல்லை.

அதற்குள் கிளாடிஸுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. வியாழக்கிழமை அவள் கட்டிலருகே அருள்செல்வி உட்கார்ந்திருந்தபோது, படம் எப்படி வந்திருக்கிறது என்று அக்கா கேட்டாள்.

"நல்லா வந்துருக்குக்கா."

"அப்பா?"

"அப்பா அழுதுருக்காரு. தெளிவாத் தெரியுது."

கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். சனிக்கிழமை விடியும்போது போய்விட்டாள். அவள் விருப்பப்படி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். சசிதர் அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. பெட்டியருகே வைத்தது அவள் தனியாக இருந்த படத்தை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அப்பா அந்தப் படத்தைக் கேட்டார். அருள்செல்வி லேப்டாப்பை மதுக்கரைக்கே எடுத்துக்கொண்டு போனாள். நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் திறந்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் திரையில்தான் ஏதோ குறை என்று நினைத்து உள்ளங்கையால் தேய்த்தார்.

"எம் மூஞ்சி எனக்கு எதுக்குக் கண்ணு?" என்றார்.

திருத்த முடியாதா என்று கேட்டார். கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு முகத்தை அதுவே வரைந்து கொடுக்கும், ஆனால் அது அக்கா முகமாக இருக்காது என்றாள். அவர் ஒத்துக்கொண்டார். பிறகு, இருப்பதையே பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்துத் தரச் சொன்னார். அதைக் கிளாடிஸ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தானே கொடுக்க வேண்டும் என்றார்.

அருள்செல்விக்கு அது சரிவரும் என்று தோன்றவில்லை. ஆனாலும் காரில் கூட்டிக்கொண்டு போனாள்.

சசிதர் கதவைத் திறந்து, வாங்க என்றான். உட்கார வைத்தான், தண்ணீர் கொடுத்தான். படத்தைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். ஆள் பாதியாகிவிட்டிருந்தான். கடைசியில் மறுபடியும் காகிதத்தைச் சுற்றி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான்.

"உங்ககிட்டயே இருக்கட்டுங்க மாமா. இத்தன வருசமா அவ இந்த வாசலப் பாத்துட்டே இருந்தாளுங்க. இதுலயும் அவ மூஞ்சி இல்லீங்க, உங்க மூஞ்சிதான் இருக்குது. இத நான் எங்கீங்க மாட்டறது?"

குரலை அவன் உயர்த்தவே இல்லை. அப்பா வாங்கிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத்தான் சசிதர் கதவைச் சாத்தினான்.

திரும்பும் வழியில் அருள்செல்வி தப்பெல்லாம் தன்னுடையது என்றாள். அடாப்டரை மாற்றியபோதே ஒருமுறை சோதித்திருக்க வேண்டும், ஒருமுறையாவது போகஸை அக்கா முகத்தில் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அப்பா படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"அன்னிக்கு நீ உள்ள போனீல்ல, பேட்டரி எடுக்க."

"ஆமாப்பா."

"அப்ப அவ கேட்டா. இருந்து ஒரு வாய் சாப்புட்டுப் போங்கப்பான்னா. உங்களுக்குப் புடிக்கும்னு கொள்ளுப் பருப்பு வெக்கச் சொல்லியிருக்கேன்னா. எனக்கு அங்க நிக்க முடியல அம்மணி. இன்னொரு நாளைக்கு வாரேன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன்."

அருள்செல்வி காரை ஓரமாக நிறுத்தினாள். அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்ததை அன்று அவளும் பார்த்திருந்தாள். யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டு விலகிப் போனது. அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "வண்டிய எடு கண்ணு, வெய்யல் ஏறுது" என்றார் அவர்.