சரிவு எந்தப் பக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கற்பனை என்று கதைவிடப் போவதில்லை. போன வாரம் செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றேகாலுக்கு, என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அக்கா வீட்டுச் சுவர் விழுந்தது. அங்கிருந்துதான் வந்தது. ஒன்பது நாளாகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

முப்பது வருடமாக எழுதுகிறேன், சுவர் விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை பாருங்கள். 'படார்' என்றெல்லாம் இல்லை. ஈர மூட்டையை இறக்கிவைத்த மாதிரி ஒரு 'தொப்'. அதற்குப் பிறகும் அவளுடைய தையல் மிஷின் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

2

முதல் தொடக்கம்: "அந்த ஆண்டு மழை வழக்கத்தைவிட—"

அடித்துவிட்டேன். மழை வழக்கம்போலத்தான் பெய்தது.

இரண்டாவது: "களிமண் என்பது—"

கட்டுரை வாடை அடிக்கிறது. ஆனால் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. என் வீட்டுப் பின்பக்கம் முழுக்கக் களிமண். ஒரு மழைக்கு நாலு நாள் தண்ணீர் நிற்கும். துணி காயப்போடப் போன என் மனைவி இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். "ஒண்ணு இந்த மண்ணு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். செயற்கைப் புல் போடுவது என்று முடிவானது அப்படித்தான்.

(புல்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. இன்றைக்கும் பச்சைப்பசேலென்று, சொட்டு ஈரம் நிற்காமல் கிடக்கிறது. அதைப் பார்க்க வேண்டாமென்று பின்கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.)

3

புல் போட வந்தவரை வில்லனாக்கிவிடலாம் என்று மூன்று நாள் முக்கிப் பார்த்தேன். "வேலையில் கவனமில்லாமல் போனையே நோண்டிக்கொண்டிருந்த புல்காரர்—" என்று ஒரு வரிகூட எழுதினேன். பொய். அந்த மனிதர் ஒரு சாண் ஆழத்துக்குக் களிமண்ணை வெட்டியெடுத்தார். மண் மேலே ஏறாமலிருக்க ஒரு துணி விரித்து, ஜல்லி கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்தினார். மட்டப்பலகையை வைத்துக்கொண்டு முழங்காலிலேயே தவழ்ந்தார். தண்ணீர் வடிவதற்கான பைப்பைப் பதிக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னார்:

"சார், புல்லு தண்ணியக் குடிக்காது, வழி மட்டுந்தான் விடும். அடியில இருக்கிற களிமண்ணும் குடிக்காது. சரிவு எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

வழி இரண்டு இருந்தது. ஒன்று, முன்பக்கம் தெருச் சாக்கடைக்கு. அதற்கு, பக்கவாட்டில் நான் அப்போதுதான் பதித்திருந்த டைல்ஸை உடைக்க வேண்டும். இன்னொன்று பின்பக்கம். அங்கே அக்காவின் தையல் அறைச் சுவர். அப்பாவின் மனையை இரண்டாகப் பிரித்துக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. நடுவில் வேலிகூடக் கிடையாது, அந்தச் சுவர்தான் எல்லை.

பின்பக்கம் விட்டால் சுவரோரம் ஊறும் என்றார். அந்த வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னார். அதற்கு நான் சொன்னது—

(இந்த வாக்கியத்தை அப்புறம் எழுதுகிறேன்.)

4

மாற்று முடிவு: சுவர் விழும்போது அக்கா டீ போட எழுந்து போயிருந்தாள். மிஷின் மட்டும் நசுங்கியது. எல்லோரும் அப்பாடா என்று உட்கார்ந்தோம்.

எவ்வளவு நன்றாக இருக்கிறது! அவள் எழுந்திருக்கவில்லை. பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். வலது கையில் மூன்று விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் போன பிறகு, அந்தக் கையை வைத்துத்தான் அவள் இருபது வருடமாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நான் தேம்பி அழுதபோது அவள்தான் என்னைத் தேற்றினாள். பழைய சுவர், மழையில் ஊறிவிட்டது, யாரைக் குற்றம் சொல்ல என்றாள். நானும் தலையாட்டினேன். தலையாட்டினேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

இடிபாட்டை அள்ள வந்த கொத்தனார் அஸ்திவாரத்தைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். மற்ற மூன்று பக்கமும் காய்ந்து கிடக்கிறதே என்றார். பிறகு என் புல்லைப் பார்த்தார்.

5

நான் சொன்ன வாக்கியம் இது:

"எங்க அக்கா வீடுதானே, கேக்கவெல்லாம் வேணாம். அந்தப் பக்கமே விட்டுடுங்க."

வேறு யார் வீடாக இருந்தாலும் கேட்டிருப்பேன். சண்டைக்குப் பயந்து டைல்ஸை உடைத்திருப்பேன். கூடப்பிறந்தவள், ஒன்றும் சொல்ல மாட்டாள் என்ற தைரியத்தில் தண்ணீரை அவள் முதுகுப்பக்கம் திருப்பிவிட்டேன். எழுதி முடித்துவிட்டுப் படித்தால், இப்படிப் பேசியவன் நான்தானா என்று திக்கென்கிறது.

6

இந்தப் பகுதியைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன். அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறேன். பொழுது போகவில்லை, எழுதுவதைப் படித்துக் காட்டு என்றாள். படித்தேன். 'தொப்' என்ற இடத்தில் சிரித்தாள்கூட. மூன்றாம் பகுதியின் அடைப்புக்குறியில் நிறுத்திவிட்டு, ஏதோ எழுத்துப்பிழை, திருத்துகிறேன் என்று குனிந்துகொண்டேன்.

அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

"நிறுத்திட்டியே. நீ என்னடா சொன்ன அவர்கிட்ட?"

இரண்டு தாள் தள்ளி அந்த வாக்கியம் இருக்கிறது. நீங்கள் படித்துவிட்டீர்கள், அவள் இன்னும் படிக்கவில்லை. என்னால் அதை அவளுக்குப் படிக்க முடியாது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், தயவுசெய்து நீங்கள் படித்துக் காட்டுங்கள்.