பதினோரு நாடுகளுக்கு ஒரே கடிதம்

எங்கள் ஊரில் பத்து கார் போனால் ஏழு தோகிவா கார், அதன் தொழிற்சாலை இங்கேதான். மலையைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்குள் நுழைந்தால் அது பத்தில் ஒன்றாகிவிடும். டோக்கியோவில் ஒரு நாற்சந்தியில் நின்றால் கால் மணி நேரம் காத்திருந்துதான் ஒன்றைப் பார்க்க முடியும். சின்ன வயதில் உலகம் முழுக்கத் தோகிவாதான் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். அதே கம்பெனியின் வெளிநாட்டு விற்பனைப் பிரிவில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்த பிறகு, எந்தெந்த நாட்டில் அது ஓடவில்லை என்பது மனப்பாடமாகிவிட்டது.

என் பெயர் ஒரிஹாரா சிசுரு. என் பொறுப்பில் இருந்த பகுதிக்குப் பெயர் ‘மற்றவை’. மாத விற்பனை அட்டவணையில் இந்தோனேசியாவுக்கு ஒரு வரி, பிலிப்பைன்ஸுக்கு ஒரு வரி, கடைசியில் எனக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் மால்டா, சிலி, ஜமைக்கா, பின்லாந்து என்று பதினோரு நாடுகள்.

நாங்கள் விற்றது பெரும்பாலும் ஒரே வண்டிதான், ‘ஹிபாரி’ என்ற சின்ன கார். ஆனால் எந்த நாட்டிலும் அது ஒரே வண்டியாக இருந்ததில்லை. இங்கே அது கடைக்குப் போகும் பெண்களின் கார். சிலியில் முதல் சம்பளத்தில் இளைஞர்கள் வாங்கும் கார். மால்டாவின் சந்துகளில் குழாய் ரிப்பேர்காரரின் கார். பின்லாந்தின் வடக்கே, வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு ஊசி போடும் நர்சுகளின் கார். பெரிய கம்பெனிகள் ஒரே விளம்பரத்தை உலகம் முழுக்க ஓட்டும். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. அந்தந்த ஊரில் எவருக்கு எது இல்லையோ, அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்வோம்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிரிவின் தலைவர் முரோய் என்னைக் கூட்ட அறைக்கு அழைத்தார். என்னைவிட ஆறு வயது இளையவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என்னிடம்தான் கடிதம் எழுதப் பழகினார். இன்றும் மரியாதைக்கு என் பெயரோடு ‘சான்’ சேர்த்துத்தான் அழைப்பார்.

“ஒரிஹாரா-சான், உக்காருங்க. டீ சொல்லட்டுமா?”

“டீ சொல்ற அளவுக்குக் கெட்ட சேதியா?”

அவர் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு பெரிய கம்பெனி எங்கள் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை வாங்கியிருந்தது. அவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டவணையைத்தான்.

“உள்நாடு, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ். இனிமே அவ்வளவுதான். மற்றவை வேணாம்னுட்டாங்க.”

“பதினொண்ணுமா?”

“பதினொண்ணும்தான். அடுத்த மார்ச்சோட சரி. சட்டப் பிரிவு கடிதம் எழுதிக் குடுத்திருக்கு. பேரை மட்டும் மாத்தி அனுப்பினாப் போதும்.”

கடிதத்தில் நான்கு பத்திகள் இருந்தன. முதல் பத்தியில் நன்றி, கடைசிப் பத்தியில் வருத்தம். இணைப்பாக ஒரு பட்டியல்: பத்து வருஷத்துக்கான உதிரி பாகங்களில் அந்தந்த நாட்டின் பங்கு. அதை ஒரே தடவையில் அனுப்பிவிடுவார்கள். வெளிநாட்டு வண்டிகளுக்கென்றே இருக்கும், பாகங்களை வார்க்கும் அச்சுகளை அக்டோபரில் உடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எங்களிடம் கேட்க எதுவும் இருக்காது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இதற்கு முன்பே நான் ஆறு நாடுகளில் விற்பனையை மூடியிருக்கிறேன். இந்தத் தடவை தோன்றியதெல்லாம், அப்பாடா, இனி மூடுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்பதுதான். பதினோரு பெயர்களை மாற்றி மாலை நான்கு மணிக்குள் அனுப்பிவிட்டு, கீழே உணவுக்கூடத்தில் ஆறிப்போன உதோன் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. மால்டாக்காரர் பெரிய எழுத்தில் திட்டியிருந்தார். ஜமைக்காக்காரர், வீட்டில் யாரோ செத்ததற்கு எழுதுவதுபோல் அனுதாபம் எழுதியிருந்தார். சிலிக்காரர் தன் வழக்கறிஞரின் முகவரியை அனுப்பினார். பின்லாந்திலிருந்து பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து, பேச வேண்டும் என்று ஒரே ஒரு வரி.

அங்கே எங்கள் வண்டிகளை இறக்குமதி செய்பவர் கெத்துனென் என்ற அம்மாள். அறுபத்து மூன்று வயது. பத்தொன்பது வருஷப் பழக்கம். திரையில் அவர் முகம் வந்தபோது அங்கே காலை பத்து மணி. என்ன சமாதானம் சொல்வது என்று நான் தாளில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“ஒரிஹாரா, மூடறீங்கன்னு புரிஞ்சுது. அதுக்காக நான் கூப்பிடலை. ஹீட்டர் மோட்டார் முந்நூறுன்னு போட்டிருக்கே, அது எழுத்துப் பிழைதானே?”

பட்டியலைப் பார்த்தேன். “இல்லை. பத்து வருஷத்துக்கு முந்நூறு.”

“போன குளிர்காலத்துல மட்டும் நூத்தி இருபது மாத்தினேன்மா.”

எழுதி வைத்திருந்த தாளை ஓரமாக நகர்த்தினேன்.

“இங்க வடக்குல மைனஸ் முப்பத்தஞ்சு போகும். ஒரு நர்ஸ் ஒரு வீட்லேருந்து அடுத்த வீட்டுக்கு நாப்பது கிலோமீட்டர் ஓட்டறா. வழியில ஹீட்டர் நின்னா, அவ குளுருதுன்னு புலம்ப மாட்டா. புலம்ப ஆளே இருக்காது. எனக்கு ஆயிரத்து இருநூறு வேணும். கார் வேணாம், உங்க நன்றி வேணாம். அந்த மோட்டாரைக் குடுத்துட்டு மூடுங்க.”

அழைப்பு முடிந்ததும் அந்த முந்நூறு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை, உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு வரை ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாக உதிரி பாகக் கணிப்பு போட்டுவந்தோம், பதினோரு தாள்கள். ஒரு வருஷம், என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, கார் எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்ளலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். வேலை குறைந்தது என்று பாராட்டினார்கள். தினசரி ஆர்டர் போகிறவரை அதில் தப்பு தெரியவில்லை, கேட்டவருக்குக் கேட்டது கிடைத்தது. இப்போது அந்தக் கணிப்பே கடைசிப் பங்காகிவிட்டது. வெயிலில் காயும் மால்டாவுக்கும் பனியில் உறையும் பின்லாந்துக்கும் ஒரே விகிதத்தில் ஹீட்டர்.

மறுநாள் காலை உதிரி பாகக் கிடங்குக்குப் போனேன். அதன் பொறுப்பாளர் இனகாகி நான் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷம் சேர்ந்தவன். வாய்க்கொழுப்பு அதிகம் என்பதால்தான் கிடங்கிலேயே இருக்கிறான் என்று ஆபீசில் சொல்வார்கள்.

“வாங்க, உலக வியாபாரம்! கடையைக் கட்டிட்டாங்களாமே?”

“இனகாகி, கிண்டலை அப்புறம் வெச்சுக்கோ. எந்த நாட்டுக்கு என்ன போச்சுன்னு பழைய கணக்கு உங்கிட்ட இருக்கா?”

“அதை ஒண்ணா சேர்க்கச் சொன்ன புண்ணியவதி யாரு?”

“நான்தான்.”

அவன் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினான். “சரி, உக்காரு. அனுப்பின சீட்டெல்லாம் அட்டைப் பெட்டில கிடக்கு. எட்டு வருஷத்துது. தூக்கிப் போடச் சொன்னாங்க, எனக்குத்தான் குனிய முடியலை.”

மூன்று வாரம், மதிய வேளைகளில், அந்தச் சீட்டுகளைப் பிரித்து மறுபடி பதினோரு தாள்கள் எழுதினோம். அவனுக்கு இடுப்பு வலி, எனக்குக் கண் எரிச்சல். எழுத எழுத விஷயம் தெளிவாகியது. மொத்தத்தில் ஹீட்டர் மோட்டார் ஆயிரத்து அறுநூறு இருந்தது, அதற்கு மேல் செய்ய அனுமதி இல்லை. இருந்ததைத் தப்பான இடங்களுக்குப் பிரித்திருந்தோம். மால்டா எட்டு வருஷத்தில் இரண்டே இரண்டு கேட்டிருந்தது. அங்கே தீர்ந்துபோவது குளிர்சாதன கம்ப்ரசர். பின்லாந்துக்கு அது தேவையே இல்லை.

தாள்களை முரோயிடம் கொண்டுபோனேன். நின்றபடியே புரட்டினார்.

“அனுப்பின கடிதத்தை மாத்த முடியாது, ஒரிஹாரா-சான். பதினோரு பேரும் பட்டியலைப் பாத்தாச்சு. இப்போ ஒருத்தர் பங்கைக் குறைச்சா வழக்கு போடுவாங்க.”

“அவங்களே சம்மதிச்சா?”

“திட்டிக்கிட்டிருக்கறவங்க எதுக்குச் சம்மதிப்பாங்க? விடுங்க. பத்து வருஷம் பாகம் குடுக்கறோம், சட்டப்படி சரியா இருக்கு. உங்களுக்கும் ரெண்டு வருஷம்தான் பாக்கி.”

“முரோய், இந்தத் தப்பு உன்னோடது இல்லை. சட்டப் பிரிவோடதும் இல்லை. என்னோடது. இதோட என்னால ஓய்வு பெற முடியாது.”

மரியாதை விட்டுப்போனதை நான் சொன்ன பிறகுதான் கவனித்தேன். அவரும் கவனித்தார். பழைய பக்கத்து மேசைக்காரனைப்போல நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். அவரும் களைத்திருந்தார். இந்தப் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது ஐந்து புதிய நாடுகளைத் திறக்கப்போவதாகப் பேசியவர் அவர்.

“ஜூலை முடியறதுக்குள்ள மத்த பத்துப் பேர்ல யாரு விட்டுக்குடுக்கறாங்களோ அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க. கம்பெனி பேர்ல கேக்காதீங்க. உங்க பேர்ல கேளுங்க. வந்தா மேல பேசிக்கறேன். வராட்டி நீங்க எங்கிட்ட எதுவுமே சொல்லலை.”

பேரை மாற்றி அனுப்புகிற கடிதம் இதற்கு உதவாது. பத்துப் பேருக்குப் பத்துக் கடிதம் எழுதினேன். தப்பு என்னுடையது என்று ஒவ்வொன்றிலும் முதல் வரியிலேயே எழுதினேன். அவர்கள் ஊரில் ஹிபாரியில் முதலில் பழுதாவது எது, அதில் எத்தனை கூடுதலாகத் தர முடியும், பதிலுக்கு ஹீட்டரில் எத்தனை விட்டுக்கொடுக்க வேண்டும், அது யாருக்குப் போகும் என்றெல்லாம் எழுதினேன். ஒரு கடிதத்துக்கு ஒரு நாள் ஆனது. ராஜிநாமா எழுதுவது இதைவிடச் சுலபம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சம்மதம், பெரிய எழுத்தில் திட்டிய மால்டாக்காரரிடமிருந்து வந்தது. ‘எங்கள் தீவில் ஹீட்டர் போட்டு ஓட்டியவர் ஒரே ஒருவர். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், கம்ப்ரசரைச் சீக்கிரம் அனுப்புங்கள். உங்கள் கம்பெனிமேல் எனக்கு இன்னும் கோபம்தான்.’ ஜமைக்காக்காரர் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டார். சிலிக்காரர் மட்டும், தெற்கே தங்களுக்கும் குளிர் உண்டு என்று தன் பங்கில் பாதியைத்தான் விட்டார், நியாயம்தான். ஒருவர் பதிலே போடவில்லை. நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, அவருடைய பங்கை அப்படியே விட்டுவிட்டேன்.

ஜூலை கடைசியில் எண்ணிப் பார்த்தபோது பின்லாந்துக்கு ஆயிரத்து ஐம்பது தேறியது. முரோய் மேலே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து என் மேசையில் ஒப்புதல் முத்திரை குத்திய தாளை வைத்தார்.

“நூத்தி அம்பது குறையுது,” என்றேன்.

“தெரியும். இனிமே எங்கிட்ட வராதீங்க, ஒரிஹாரா-சான். நெஜமாவே என்னால முடியலை.”

கெத்துனெனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை.

“மீதியை உடைக்கப் போற பழைய வண்டிலேருந்து கழட்டிக்கறேன். இந்த வாரமே சேகரிக்க ஆரம்பிக்கறேன்,” என்றார். அழைப்பை முடிப்பதற்குமுன், “நீ தூங்கறியா? மூஞ்சி வெளுத்துக் கிடக்கே,” என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் என் உடம்பைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை பின்லாந்துக்கான பெட்டிகளை ஏற்றினார்கள். நானும் இனகாகியும் கிடங்கு வாசலில் நின்று பார்த்தோம். பளு தூக்கி வண்டி முன்னும் பின்னும் போய் வந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று வீசியது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. லாரி கதவைச் சாத்தியதும் அவன் கைகளைத் தட்டித் தூசியை உதறினான்.

“இனி உனக்கு என்ன வேலை?”

“உள்நாட்டு விற்பனை. புகார் ஃபோன் எடுக்கணும்.”

“நல்லதாப் போச்சு. இங்க திட்டினா உடனே புரியும். மொழிபெயர்க்க வேணாம்.”

சிரித்தேன்.

அன்று மாலை பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது என் நிறுத்தம் ஐந்து நிறுத்தங்களுக்குப் பின்னால் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில், ஆரஞ்சுத் தோட்டத்து ஓரம் இறங்கி நின்று கணவருக்குப் போன் செய்தேன். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார். முன் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“ராத்திரிக்கு என்ன சாப்பிடலாம்? மீன் இருக்கு.”

“நீயே எதையாவது பண்ணு,” என்று சொல்லிவிட்டு இருக்கையைப் பின்னால் சாய்த்தேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார்.