இடிதாங்கியும் ஒரு பட்டனும்

"அதெல்லாம் இருக்கட்டும். பட்டனை ஏன் எடுத்தான், அதை மட்டும் சொல்லு."

"அப்பா, நான் எடுக்கலை."

"நீ எடுத்தேன்னு யார் சொன்னா? உங்க ஆளு ஏன் எடுத்தான்னு கேக்கறேன்."

'உங்க ஆளு' என்றது, உலகம் முழுக்கக் கடை விரித்திருக்கும் ஒரு போன் கம்பெனியின் புதுத் தலைவரை. பாப்பா அந்தக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள் என்ற ஒரே காரணத்தால், அவளே போய் அவரைத் தேடிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி இந்த வீட்டில் பேச்சு. முப்பதை நெருங்கிவிட்ட பெண்ணுக்கு வீட்டில் இன்னும் பாப்பா என்றுதான் பெயர். அதனால் அவள் சொல்லும் எந்த பதிலுக்கும் சாப்பாட்டு மேஜையில் பெரிய மதிப்பு இருப்பதில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் லிஃப்டுக்குள் நின்று போவார்கள், அவர் அதன் மண்டை மேல் உட்கார்ந்து போவார். வாழ்க்கையில் அவர் நம்பியது பட்டனை. அழுத்தினால் உள்ளே போகணும், விட்டால் வெளியே வரணும், விரலுக்கு ஒரு பதில் கிடைக்கணும். அந்தக் கம்பெனி இந்த வருடம் விட்ட போனில் பக்கவாட்டில் இருந்த பட்டன் காணாமல் போயிருந்தது. அதற்குப் பதில், விளிம்பை விரலால் மெதுவாகத் தடவ வேண்டுமாம்.

"தடவிக் குடுக்கறதுக்கு அது என்ன பூனையா?" என்றார் அப்பா.

மேஜைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினில் யாருடைய பேன்ட்டையோ குட்டையாக்கிக் கொண்டிருந்த அம்மா, பட்டன் அறுந்து போயிருந்தால் தானே தைத்துத் தருவதாகவும், இரண்டு பேரும் முதலில் சாப்பிட்டு முடிக்கும்படியும் சொன்னாள். அப்பா முடிப்பதாக இல்லை. அடுத்து விலைக்குத் தாவினார். பட்டனைப் பிடுங்கினான், டப்பாவிலிருந்து சார்ஜரைத் தூக்கினான், அத்தனையும் போன பிறகு விலை மட்டும் எப்படி ஏறும்? செருப்புக்கடையில் வாரைத் தனியாக விற்கிற கதை அல்லவா இது? முன்னால் இருந்தவர் போனைப் பற்றி யோசித்தார். இவன் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவன், விலையை மட்டும் யோசிக்கிறான்.

இவ்வளவு வயிற்றெரிச்சலுக்கும் அப்பா அந்தக் கம்பெனியின் போனை ஒருநாள்கூடத் தொட்டதில்லை. அவருடையது வேறொரு கம்பெனியின் போன், கண்ணாடி விரிசல் விட்டு டேப் ஒட்டியது. பாப்பா ஊழியர் தள்ளுபடியில் வாங்கிக் கொடுத்தது பிரிக்காத டப்பாவோடு அலமாரி மேல் இருந்தது. அதைத் தொட்டால் அப்புறம் வாய் நிறையத் திட்ட முடியாது, நடுநிலைமை போய்விடும் என்பது அவர் கட்சி.

பாப்பா தட்டையே பார்த்துக் கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது.

கம்பெனியில் அவளுக்கு 'மக்கள் தொடர்பு' என்று நீளமாக ஒரு பதவிப் பெயர். அப்பா ஏறி இறங்கும் லிஃப்டுகளில் எல்லாம், மகளுக்கு யோசிக்கிற வேலை என்று சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவள் யோசிக்கக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. கம்பெனியின் இணையப் பக்கத்தில் மக்கள் வந்து திட்டுவார்கள், அவள் பதில் எழுத வேண்டும். முதல் வரியில் நன்றி சொல்ல வேண்டும். 'இல்லை' என்ற சொல் வரவே கூடாது. கடைசியில் 'உங்கள் நண்பர்' என்று முடிக்க வேண்டும். ஒருவன் அவளை எருமை என்றால், எருமை என்று கருத்துத் தெரிவித்ததற்கு நன்றி, உங்கள் நண்பர்.

அந்தப் பக்கத்தில் திட்டுபவர்களுக்கெல்லாம் ராஜா ஒருத்தர் இருந்தார். புனைபெயர் இடிதாங்கி. மனுக் கொடுப்பது போல 'அன்புள்ள தலைவர் தம்பிக்கு' என்று தொடங்கி, 'இப்படிக்கு, இடிதாங்கி' என்று முடிப்பார். நடுவில் இருப்பது மட்டும் மனு மாதிரி இருக்காது. கீழே ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடிக் கைதட்டுவார்கள். விசுவாசிகள் ஒரு கூட்டம் வந்து அவரோடு மல்லுக்கு நிற்கும். போன் பிடிக்காவிட்டால் வாங்காதே என்பார்கள். வாங்காதவனுக்குத்தான் பயமில்லாமல் பேச முடியும் என்பார் இவர்.

புதுப் போனின் டப்பா சிறியதாகப் போகிறது, அதாவது சார்ஜர் உள்ளே இருக்காது என்று, அது கடைக்கு வரும் முன்பு ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் பாப்பா சும்மா சொல்லி வைத்தாள். வெளியில் யாருக்கும் தெரியாத விஷயம். மறுநாள் காலை அவள் இருக்கையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தால், இடிதாங்கி அதையே எழுதியிருந்தார். 'டப்பா இளைச்சுடுச்சு, விலைக்கு மட்டும் தொப்பை போட்டிருக்கு' என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்ன வாக்கியம் வரைக்கும் அப்படியே இருந்தது. பழைய கருத்துகளை எல்லாம் தோண்டிப் பார்த்தாள். எல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரிமாறியது.

அன்றைக்கே அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லும் ஆள் என்பதையும் சொல்ல வேண்டி வரும். யோசிக்கிற வேலை என்ற லிஃப்ட் அப்படியே அடித்தளத்துக்கு வந்துவிடும். தவிர, இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தனக்கே சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இடிதாங்கிக்கு 'நண்பரை' ரொம்பப் பிடித்திருந்தது. அந்தக் கம்பெனியிலேயே பதில் சொல்லத் தெரிந்த ஒரே பையன் இவன்தான், இவனைத் தலைவராக்குங்கள் என்று ஒருமுறை எழுதியிருந்தார். வீட்டில் அப்பா அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே அவள் மேஜையில் வாயை மூடிக்கொள்வதென்று முடிவு செய்தாள். மூடவும் செய்தாள். அப்பா விடுவாரா? வாயைக் கிண்டினார், முகத்தைப் பார்த்தார், அவள் பெருமூச்சு விட்ட விதத்தை வைத்தே ஒரு கருத்து எழுதினார். அதுவும் சரியாக இருந்தது.

இதற்குள் அலுவலகத்தில் ஒற்றன் வேட்டை தொடங்கிவிட்டது. யாரோ உள்ளே இருந்துகொண்டு இடிதாங்கிக்கு ஓதுகிறார்கள் என்று மேலிடம் நினைத்தது. வடிவமைப்புப் பிரிவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பாப்பாவின் மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சிரிப்பு மேடம். ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கும்போதுதான் அவர் நிறையச் சிரிப்பார். கண்டுபிடித்ததும் அந்த ஆளுக்கு வேலை போவது மட்டுமில்லை, வழக்கும் உண்டு என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பாப்பாவும் கூடச் சிரித்தாள். வேறென்ன செய்வது?

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வரக்கூடாத வேலையில் வந்த யோசனை அப்படித்தான் இருக்கும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால்? இடிதாங்கி அதை எழுதுவார். அது நடக்காது. ஊரே சிரிக்கும். ரோஷக்காரர், கோபித்துக்கொண்டு எழுதுவதை விட்டுவிடுவார். ஒற்றன் ஒன்றும் தெரியாதவன் என்று வேட்டையும் அடங்கிவிடும்.

அன்று இரவுச் சாப்பாட்டிலேயே, தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"பட்டன் திரும்ப வருதாம்."

அப்பா மெல்வதை நிறுத்தினார். அடுத்த நிமிடம் கை கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. குழாயில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அம்மா எழுந்து போய் மூடிவிட்டு வந்தாள்.

'அன்புள்ள தலைவர் தம்பிக்கு, பட்டனைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்ததற்கு நன்றி. புத்தி வருவதற்கு இவ்வளவு நாளா? இப்படிக்கு, இடிதாங்கி.'

பாப்பா ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள். பெரிய கம்பெனியில் எதை யார் முடிவு செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் கிடையாது. இணையப் பக்கத்தில் கொண்டாட்டம் பொங்கி வழிந்தது. விசுவாசிகளும் எதிரிகளும் கட்டிக்கொண்டு அழாத குறை. வடிவமைப்புப் பிரிவு, இது தலைவரின் முடிவாக்கும் என்று நினைத்து அவசரமாகப் படம் வரைய உட்கார்ந்தது. தலைவர், வடிவமைப்புப் பிரிவு யாருக்கோ வாக்குக் கொடுத்துவிட்டதாக்கும் என்று நினைத்தார். பங்கு விலை ஏறியதைப் பார்த்ததும், நாமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவருக்கே தோன்றிவிட்டது. மேடையேறி, கறுப்புச் சட்டையோடு நின்று, உங்கள் குரல் எங்கள் காதில் விழுந்தது என்றார். பட்டன் வரும். விலை கூடுதலான மாடலில் மட்டும்.

பொய் திரும்பி வந்து சொன்னவள் தலையிலேயே விழுந்தது. இடிதாங்கிக்கு இப்போது தலைவரின் மனதில் இருப்பதே தெரிகிறது, அதுவும் தலைவருக்கு முன்னால்.

சிரிப்பு மேடம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். தலைவர் அடுத்த வாரம் இந்தக் கிளைக்கு வருகிறாராம். இடிதாங்கியை நேரில் அழைத்து, கேமரா முன்னால் பொன்னாடை போர்த்தாத குறையாக மரியாதை செய்து, முதல் பட்டன் போனைக் கையில் கொடுக்கப் போகிறார்களாம். அது வெளிக்கு. கேமரா அணைந்ததும் பக்கத்து அறையில் வக்கீல்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

"பாவம், வாய் ஓயாத ஆளு. ஒரு காபி குடுத்து உக்கார வெச்சாப் போதும், யார் சொன்னாங்கன்னு தானா சொல்லிடுவாரு," என்றார் மேடம். "அழைப்பை நீயே எழுதும்மா. உன் பதில்னாத்தான் அந்த மனுஷனுக்கு உயிரு."

காபிகூடத் தேவைப்படாது என்று பாப்பாவுக்குத் தெரியும். வாசலில் நிற்கும் காவலாளியிடமே, என் பொண்ணு இங்கதான் வேலை பார்க்கறா என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். மேடம் பின்னால் நின்று பார்க்க, அவள் அழைப்பை எழுதினாள். முதல் வரியில் நன்றி. எங்கும் 'இல்லை' வரவில்லை. உங்கள் நண்பர்.

அவள் வீடு வந்தபோது அப்பாவின் கோட்டு, அவர் கல்யாணத்துக்குத் தைத்தது, அம்மாவின் மெஷினில் வயிற்றுப் பக்கம் பிரிந்து கிடந்தது. அப்பா உள்சட்டையோடு, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, டேப் ஒட்டிய போனில் ஒற்றை விரலால் எழுதிக் கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் மறைக்கவில்லை. இத்தனை மாதமாக மறைத்ததை எல்லாம் அவரே மடமடவென்று கொட்டினார். இடிதாங்கி வேறு யாருமில்லை, தான்தான். தலைவரே கூப்பிட்டிருக்கிறார். அந்தப் பையன் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான், பார். போனதும் முதலில் அவனைத்தான் பார்க்கணும். அப்புறம் தலைவரிடம், எங்க பாப்பாவும் உங்க ஆபீஸ்தான், அவளுக்கு இன்னும் பெரிசா யோசிக்கிற வேலையா குடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும்.

"வர்றேன்னு எழுதிட்டேன். இன்னும் அனுப்பலை. 'மிக்க மகிழ்ச்சி'யா, 'பெரு மகிழ்ச்சி'யா? எது மரியாதை?"

"அப்பா, அந்தப் பையன் நான்தான்."

மெஷின் நின்றது. பாப்பா எல்லாவற்றையும் சொன்னாள். நன்றி எழுதும் வேலையைச் சொன்னாள், டப்பா இளைத்த நாளில் கண்டுபிடித்ததைச் சொன்னாள், ஒற்றன் வேட்டையையும் பக்கத்து அறை வக்கீல்களையும் சொன்னாள். அப்பா குறுக்கே பேசாமல் ஒன்றைக் கேட்டு முடித்தது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றி உள்சட்டையில் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

"அப்போ பட்டன் வருதுன்னு சொன்னியே?"

"பொய்ப்பா. நீங்க எழுதறதை விடணும்னு சொன்ன பொய்."

"ஆனா வந்துடுச்சே."

"நான் சொல்லி வரலை. நீங்க சொல்லித்தான் வந்துச்சு."

அவர் முகத்தில் முதலில் அடி விழுந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஓரத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அது வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. அம்மா கோட்டை மடியில் வைத்தபடி ஊசியைக் கையில் பிடித்திருந்தாள். தைப்பதா பிரிப்பதா என்று அவளும் காத்திருந்தாள். அப்பாவின் கட்டைவிரல் போன் திரைக்கு மேலே, அனுப்பும் இடத்தில், தொட்டும் தொடாமலும் நின்றது.

பாப்பா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உடம்பு சரியில்லைன்னு எழுதுங்க, ஊர்ல இல்லைன்னு எழுதுங்க, என்ன வேணா எழுதுங்க. எனக்காக இந்த ஒரு தடவை மட்டும் வாயைத் திறக்காம இருப்பீங்களாப்பா?"