இரண்டு வாஷர்

டாக்ஸிக்காரர் வண்டியை உள்ளே விடும்போதே பச்சைக் கூலண்ட் தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. பார்த்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது. வண்டி ஒழுகினால் ஒரு மெக்கானிக் சந்தோஷப்படலாமா? இந்த வண்டிக்குத் தாராளமாகப் படலாம். ஒரு மாதத்துக்கு முன் அப்பாவின் ஒர்க்‌ஷாப்பை விட்டு அவளைத் துரத்தியது இதே ஒழுகல்தான்.

அன்று பழைய வாட்டர் பம்ப்பைக் கழற்றியவள் அவள். அட்டையில் பம்ப்பை வரைந்து, எந்தத் துளையின் போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வைப்பது அவள் வழக்கம். அண்ணனுக்கு அது சின்னப்பிள்ளை விளையாட்டு. அவள் கூலண்ட் வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது டாக்ஸிக்காரர் போனில் அவசரப்படுத்த, அட்டையைத் தள்ளிவிட்டுப் புதுப் பம்ப்பை அவனே மாட்டினான். மறுநாள் ஒழுகியது. தங்கச்சி மாட்டியது என்று கூசாமல் சொன்னான். அப்பா டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, டாக்ஸிக்காரரை வைத்துக்கொண்டே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அண்ணன் இரண்டு முறை ஒழுகலை அடைக்கும் பொடியைக் கொட்டிப் பார்த்தான். நாலு நாள்கூடத் தாங்கவில்லை. அலைந்து வெறுத்துப்போன டாக்ஸிக்காரர், அவள் இப்போது வேலை பார்க்கும் டயர் கடையின் பின்கொட்டகைக்கே வந்துவிட்டார்.

எஞ்சின் ஆறும்வரை பொறுத்தாள். கண்ணாடித் துண்டைக் கீழே நீட்டிப் பார்த்தாள். பம்ப்பின் கீழ்மூலையில் ஒரு போல்ட், அதன் தலைக்கடியில் இரண்டு வாஷர். அடப்பாவி, கையெழுத்தே போட்டு வைத்திருக்கிறானே!

வீட்டில் கட்டில் கால், மின்விசிறி, கதவுக் கீல் என்று எது ஆடினாலும் அவன் இரண்டு வாஷரைச் சொருகிவிடுவான். "நான் கொஞ்சம் ஆடினா எனக்கும் ரெண்டு போட்டுடுவாரு" என்று அண்ணியே சிரிப்பாள்.

உடனே கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். வந்தவரை உட்காரச் சொல்லவில்லை. அவர் கண்ணெதிரே போல்ட்டை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள். மற்ற போல்ட்டுகளைவிட அது நீளம். குட்டை போல்ட் தொலைந்திருக்கும். டப்பாவில் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறான். நுனி துளையின் அடியில் முட்டிக்கொண்டதால் தலை பம்ப்பை அழுத்தவில்லை. இடைவெளியை வாஷரால் ஒப்பேற்றியும் போதவில்லை.

பம்ப்பைக் கழற்றி, அதன் அடியில் ஒட்டியிருந்த பழைய கேஸ்கட் தாளைச் சுரண்டி, புதியதை வைத்து, சரியான போல்ட்டைப் போட்டு முறுக்கினாள். கூலண்டை நிரப்பி, எஞ்சினைச் சூடேற்றி, அடியில் செய்தித்தாளை விரித்தாள். இரண்டு மணி நேரம் அப்பா போல்ட்டும் கையுமாக நின்றார். நிற்கட்டும் என்றிருந்தது அவளுக்கு. தாளில் ஒரு சொட்டு விழவில்லை.

"இது யாரு மாட்டினதுப்பா?"

அப்பா உள்ளங்கையையே பார்த்தார். "அன்னிக்கே பாத்துட்டேம்மா. நாலு பேரு முன்னாடி பேரு கெட்டா அவன் தாங்கமாட்டான். நீ தாங்குவேன்னு நினைச்சேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக அண்ணனைக் கரித்துக் கொட்டிய வாய் அவளுக்கு. அவன் பயந்து பொய் சொன்னான், சரி. இவர் வாஷரைப் பார்த்துவிட்டல்லவா அவளை வெளியே போகச் சொல்லியிருக்கிறார்!

நாளைக்கே ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிடும்படி அப்பா சொன்னார். இது நமக்குள்ளேயே இருக்கட்டும் என்று குரலைத் தாழ்த்தி, விரல்களை மூடிக்கொண்டார்.

அவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அப்பா தடுக்கவில்லை. போல்ட்டை வாஷரோடு எடுத்து டாக்ஸிக்காரரிடம் நீட்டினாள்.

"டாக்ஸி ஸ்டாண்டுல நாலு பேருக்குக் காட்டுங்கண்ணே. மாட்டினது யாரு, தெரிஞ்சும் மறைச்சது யாருன்னு சேத்தே சொல்லுங்க."

டாக்ஸிக்காரர் அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு போல்ட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.