ஹாலுக்கு வந்த சிக்னல்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு என்றால் அது பாதி வீடு, பாதி சத்திரம். கோலார் தங்கவயலிலிருந்து கோர்ட்டுக்கு வருகிறவர், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறவர் எல்லோரும் காலை ரயிலில் இறங்கி நேரே தனலக்ஷ்மி வீட்டில்தான் பல் தேய்ப்பார்கள். தங்கச் சுரங்கம் மூடி ஏழெட்டு வருஷமாக அந்த ஊரே திண்டாடுகிறது. பெங்களூரில் வீடு வைத்திருக்கிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டால், அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போய் முகத்தைக் காட்டுவது?

அந்த வீட்டு மருமகள் சங்கமித்ராவுக்கு மட்டும் சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்தது. அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவதைக் காதில் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. போன் லைன் உள்ளறையில் இருந்தது. இன்டர்நெட் ஒயரும் அங்கேதான். கட்டில் வரைக்கும் எட்டும், அதற்கு மேல் எட்டாது. "ஒயர் உள்ளதான் இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டுத் தாழ் போட்டால், மத்தியானம் வரைக்கும் அவள் யாருக்கும் மருமகள் இல்லை. அந்தச் சுகத்தை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயந்தாள்.

ஒருநாள் அவள் கணவன் கிஷோர் ஒரு வயர்லெஸ் ரௌட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனுடைய ஆபீஸ் லேப்டாப்பிலும், தம்பி சுனிலின் புது போனிலும் வீட்டுக்குள் எங்கே இருந்தாலும் இன்டர்நெட் வருமாம்.

"சொருகினா போதும்னான் கடைக்காரன்" என்றான்.

சங்கமித்ராவுக்குப் பதறியது. "அப்படியே சொருகினா தெருவுல போறவன் எல்லாம் உள்ள பூந்துடுவான். பேஷன்ட் விவரம் வெளிய போச்சுன்னா என்னைய வேலைய விட்டே தூக்கிடுவாங்க. இப்படிக் குடுங்க."

அவளே உட்கார்ந்தாள். ரௌட்டரோடு வந்த, ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டை முதலில் மாற்றினாள். பிறகு நெட்வொர்க்குக்கு யாரும் ஊகிக்க முடியாதபடி நீளமாக இன்னொன்று வைத்தாள். அதுவும் போதாதென்று, இந்த இரண்டு லேப்டாப்புகளையும் சுனில் போனையும் தவிர வேறெதையும் உள்ளே விடாதே என்று ஒவ்வொன்றின் அடையாள எண்ணையும் பதித்துவைத்தாள். எல்லாம் வேலை செய்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"அண்ணி, சமையல்கட்டுல கூட ஃபுல் சிக்னல்!" என்று சுனில் கத்தினான்.

அந்த ஒரு வார்த்தையைத் தனலக்ஷ்மி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நீயும் ஹால்லயே உக்காந்து வேலை பண்ணலாமேம்மா? நாளைக்குப் பெரிய மாமா வராரு. பாவம், மூச்சுக்கு முடியாம ஆஸ்பத்திரிக்கு வராரு. ரூம்ல படுக்கட்டும்."

பெரிய மாமா என்றால் கிஷோரின் பெரியப்பா சுப்பராயன். காலமெல்லாம் சுரங்கத் தூசியை நெஞ்சில் வாங்கியவர். அவருக்குக் கட்டில் கிடையாது என்று எந்த வாயால் சொல்வது? சங்கமித்ரா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

ஹாலில் டிவி, குக்கர் விசில், பெரியவரைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காபி. "காதுல மாட்டிக்கினு சும்மாதானே குந்தியிருக்கே, இந்தப் பூண்ட உரிச்சுடு" என்று முறத்தை மடியில் வைத்துவிட்டுப் போவாள் தனலக்ஷ்மி. ஒரு நோயாளியின் அறிக்கையில் முழுசாக ஒரு வரியே விட்டுப்போயிற்று. இன்னொரு தப்பு வந்தால் வேலை இல்லை என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்தது.

அடுத்தவனை வெளியே நிறுத்தத் தெரிந்தவளுக்குத் தன்னையே வெளியே தள்ளிக்கொள்ளத் தெரியாதா? ரௌட்டருக்குள் போய்த் தன் லேப்டாப்பின் அடையாள எண்ணை அழித்தாள். சிக்னல் அறுந்தது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கிஷோரிடம் போனாள்.

"என் லேப்டாப்புக்கு மட்டும் வயர்லெஸ் ஒத்துக்கலீங்க. கம்பெனி செக்யூரிட்டி போல. ஒயர்லதான் பண்ணணும். பெரிய மாமாவ ஹால்ல படுக்க வெச்சா..." என்று இழுத்தாள்.

கிஷோர் நல்லவன். அதுதான் பெரிய தொல்லை. "சே சே, அவர எதுக்கு எழுப்பணும்? நான் பாத்துக்கறேன்" என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடுக்கு ஓடினான். ஒரு பெரிய சுருள் ஒயரோடு வந்தான். அறைக் கதவுக்கு அடியில் நுழைத்து, சுவரோரமாக ஆணியடித்து, சமையல்கட்டு வாசல் வரைக்கும் இழுத்துவிட்டான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எங்க வேணாலும் உக்காந்துக்கோ. சந்தோஷமா?" என்று கேட்டான்.

அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"எனக்கு ஒயர் வேணாங்க. கதவு வேணும்."

சுனில் டிவி சத்தத்தைக் குறைத்தான். தனலக்ஷ்மி சமையல்கட்டிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"கதவா? யார வெளிய வெச்சு சாத்தப் போறே? நம்ம மனுஷங்களையா?"

அவள் கேலி செய்யவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

"வேலை போயிடும் அத்தை."

"போனா போகட்டும் விடு. கிஷோர் சம்பாதிக்கிறான் இல்ல?"

சங்கமித்ரா கிஷோரைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அறைக்குள்ளிருந்து சுப்பராயன் மெல்ல வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமி முடித்து, "கோச்சுக்காதம்மா" என்றார் தயவாக. "ஹால்ல ஒரே சத்தமா இருக்கு. கண்ணு அசரவே மாட்டேங்குது."

கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.