வாசலில் முடியும் நடவு

அம்மா தன் நடவு செட்டோடு ஷெட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. நான் ஏணி உச்சியில் நின்று புரொஜெக்டரையும் கேமராவையும் தரையைப் பார்த்தபடி இரும்பு உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து இது மூன்றாவது முறை. நெல் மூட்டை அடுக்குகிற ஷெட் அது. அறுவடை வரைக்கும் காலியாகத்தானே கிடக்கும் என்று ஷெட்டுக்காரர் சிவப்பிரகாசம் அண்ணன் சாவியைக் கொடுத்திருந்தார்.

“எறங்குடி உஷா. பாத்தாலே நெஞ்சு படபடங்குது,” என்றாள் அம்மா. ஏம்பலம் பக்கம் நடவு என்றால் அம்மா பேரைச் சொல்லி, காசம்மாள் செட்டு என்பார்கள். அம்மாவோடு சேர்த்து, கணுக்காலில் சேறு காய்ந்த ஆறு பேரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஐந்து மணிக்குள் நான் ஒரு நிமிட வீடியோ அனுப்பியாக வேண்டும். ஆட்கள் நடந்தால், ஆடினால் அதற்கேற்ப மாறும் கணினிப் படங்களுக்காகப் புதுச்சேரியில் ஒரு கண்காட்சி. வீடியோவில் நிஜ மனிதர்கள் விளையாட வேண்டும், நான் மட்டும் நடந்து காட்டினால் சேர்த்தியில்லை. இதற்கென்றே இலவசமாக ஒரு மென்பொருள் கிடைக்கிறது. நாலு வரி நிரல் எழுதினால் திரையில் வட்டம் குதிக்கும், இன்னும் நாலு எழுதினால் சொன்ன பேச்சு கேட்காது. மூன்று மாதமாக அதோடுதான் குடித்தனம். தேர்வாகாவிட்டால் அழுதுவிடுவேன் என்கிற அளவுக்கு ஆசை வைத்திருந்தேன்.

“சும்மா நடங்க. நடக்க நடக்க தரையில நாத்து மொளைக்கும். மொளைச்சத மிதிச்சா சாஞ்சிடும்.”

ஆறு பேரும் நேராக எதிர்ச் சுவர்வரை போனார்கள். புடவையை ஏற்றிச் செருகினார்கள். சுவரைப் பார்த்து வரிசையாகக் குனிந்தார்கள். நான் இறங்கி லேப்டாப்பில் பொத்தானை அழுத்தியதும் வாசலை நோக்கிப் பின்னால் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு நாற்றும் அவர்கள் குதிகாலுக்குப் பின்னால் முளைத்து, அடுத்த அடியிலேயே மிதிபட்டுச் சாய்ந்தது.

“இன்னாடி இது, மொளைக்கும்போதே சாவுது?” என்றாள் ஆரோக்கியசெல்வி அக்கா.

“நீங்க ஏன் பின்னால வர்றீங்க? வாசல்லேருந்து சுவத்தப் பாத்து நடங்க.”

“சுவத்தாண்ட போய் முடிச்சா வெளிய எப்படி வருவ?” என்று கேட்டாள் அம்மா. “நட்டத மிதிச்சிக்கினா?”

“நடவுக்காரி பெத்த புள்ள கேக்கற கேள்வியப் பாரு!” என்றாள் ஒருத்தி.

ஷெட்டுத் தகரம் அதிரச் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறந்ததிலிருந்து நடவைப் பார்க்கிறேன், டவுன் பஸ் ஜன்னல் வழியாக. படிக்கிற பிள்ளை என்று அம்மா என்னை வயலில் இறங்கவிட்டதேயில்லை. உலகமே முன்னால் பார்த்து நடக்கும் என்று நானாக முடிவு செய்து, நாற்றை வாசல் பக்கம் முளைக்க வைத்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நிரலில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக்கினேன். நாற்று பாதத்துக்கு முன்னால் வந்தது. அதோடு விட்டார்களா? “இவ்ளோ நெருக்கி நட்டா தூர் கட்டுமா? கெளைக்க எடம் வுடுடி,” என்றாள் அம்மா. இடம் விட்டேன். நாற்று ரொம்ப உயரம் என்றாள் இன்னொருத்தி. குறைத்தேன். என் வாழ்க்கையில் இத்தனை கறாரான மேனேஜர்கள் கிடைத்ததில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆறு பேரும் ஒரு முறை நட்டுப் பார்த்தார்கள். யார் வரிசை கோணல் என்று சண்டையும் நடந்தது. எனக்கு அத்தனை சந்தோஷம், மணியைப் பார்க்கவே மறந்துவிட்டேன்.

பார்த்தபோது நாலே முக்கால். எதிர்ச் சுவரோரம் லேப்டாப் பக்கத்தில் போனை நிறுத்தி ரெக்கார்டிங்கைப் போட்டேன்.

“ஓரத்துல ஒரு ஆளு கொறையுது. நீயும் வா,” என்றாள் அக்கா.

வரிசையின் கடைசியில் போய்க் குனிந்தேன். ஏழு பேரும் அடி அடியாகப் பின்னால் வந்து, வாசலைத் தாண்டி வெயிலில் நிமிர்ந்தோம். உள்ளே சுவரிலிருந்து வாசல்வரை ஒரே பச்சை. ஒரு நாற்றுகூடச் சாயவில்லை.

மணி நாலு ஐம்பத்துமூன்று. போன் அந்தக் கோடியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பாய்ந்து காலைத் தூக்கினேன்.

“மிதிச்சிடாதடி!” என்று ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“எம்மா, வீடியோ அனுப்ப ஏழு நிமிஷம்தாம்மா இருக்குது!”

அம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். “வரிசைக்கு நடுவுல எடம் கீது பாரு. அங்க வை கால.”

சுடிதாரைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் இடைவெளியில் பெருவிரலை ஊன்றினேன். இரண்டு பக்கமும் நாற்றுகள் லேசாக ஆடின.